கழுதைக்கு ஒரு மஞ்சள் பனியன்

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு உடனடியாக ஒரு பன்னாட்டு சைக்கிள் பந்தயம் வேண்டும். மற்ற மாவட்டக்காரர்கள் போல விமான நிலையம் கொடு, மெட்ரோ கொடு என்று நாங்கள் பேராசைப்படவில்லை. பத்துப் பதினைந்து நாட்டுக்காரர்கள் இறுக்கமான அரைக்கால் சட்டையும், தலையில் பாதி வெட்டிய தர்பூசணி மாதிரி ஒரு தொப்பியும் மாட்டிக்கொண்டு, தருமபுரியில் கிளம்பிப் பென்னாகரம் தாண்டிக் கோட்டூர் மலை ஏறி இறங்கிவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு தடவை வந்தால் போதும். ரோடு போட்டு முடித்த பிறகு அவர்கள் வராமலே இருந்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை.

எல்லாம் புனேயைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சல். 2026 ஜனவரியில் அங்கே ஐந்து நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. 437 கிலோமீட்டர். உலக சைக்கிள் சங்கத்தின் அட்டவணையில் ஏறிய, இந்தியாவின் முதல் பல நாள் சாலைப் பந்தயம் என்று விளம்பரப்படுத்தினார்கள். பந்தயம் போகும் வழிகளில் புதுத் தார் விழுந்தது, குழிகள் மூடின. அந்தச் சாலைகளில் வருடக்கணக்காக இடுப்பொடிந்தவர்களுக்கு, தார் என்ற பொருள் நாட்டில் கையிருப்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். பந்தய சைக்கிளின் டயர் இரண்டு விரல் அகலம் கூட இருக்காது. அந்த இரண்டு விரலுக்கு அடியில் ஒரு கல் இருந்துவிடக்கூடாது என்று ஓர் அரசாங்கம் ராத்தூக்கம் இல்லாமல் உழைக்கிறது. நிறைமாத வயிற்றோடு ஷேர் ஆட்டோவில் குலுங்குகிறவளின் கீழே எத்தனை கல் இருந்தால் யாருக்கென்ன.

எங்கள் தெருவுக்கும் ஒருநாள் தார் வந்தது. ஒரு பெரிய மனிதர் ஒரு கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வந்து, மண்டப வாசல் வரைக்கும் சுடச்சுடத் தார் கொட்டி, காலையில் சுண்ணாம்புக் கோடும் இழுத்துவிட்டுப் போனார்கள். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் பதினாறு வீடு. அந்தப் பதினாறு வீட்டுக்காரர்களும் இன்றைக்கு வரைக்கும் மண்ணில்தான் நடக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கல்யாணமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

ஆகவே பந்தயம் கேட்கிறேன். கேட்பவன் விஷயம் தெரிந்து கேட்க வேண்டும் என்பதால், இந்தப் பந்தயங்களின் பூர்வோத்திரத்தைக் கொஞ்சம் துருவினேன்.

ஸ்டேஜ் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டே பொருள். ஒன்று டவுன் பஸ் கண்டக்டர் சொல்வது. அதைத் தாண்டினால் டிக்கெட் ஏறும். இன்னொன்று அரசியல்வாதி ஏறுவது. அதைத் தாண்டினாலும் ஏதாவது ஏறும். சைக்கிள்காரர்களின் ஸ்டேஜ் மூன்றாவது வகை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை நாளுக்கு இவ்வளவு என்று கூறு போட்டு ஓட்டி, எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்குப் பரிசு. இதைக் கண்டுபிடித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள், அதுவும் விற்காத பத்திரிகைக்காரர்கள். டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மீது பொய்த் தேசத்துரோக வழக்குப் போட்டு பிரான்சே இரண்டாகப் பிளந்து நின்ற காலம். ‘லெ வெலோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் டிரைஃபஸ் பக்கம் பேசினார். விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், போட்டியாக ‘லோட்டோ’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். அது விற்கவில்லை. விற்க வைக்க 1903இல் ஆரம்பித்ததுதான் டூர் டி பிரான்ஸ். நியாயம் பேசிய ஒருவன் வாயில் மண் போடுவதற்காகப் பிறந்த பந்தயம், நூறு வருடத்துக்கு மேல் அமோகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மூரில் ஆரம்பித்திருந்தால் இன்னும் அமோகமாக ஓடியிருக்கும்.

முதல் பந்தயத்தில் கிளம்பியவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21 பேர். ஆறே ஸ்டேஜில் 2,428 கிலோமீட்டர். முதல் ஸ்டேஜ் மட்டுமே பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர். ராத்திரி முழுக்க மிதித்தால்தான் ஊர் வரும். ஜெயித்த மொரிஸ் காரான் முன்னாளில் புகைபோக்கி துடைத்தவர்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைதானம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒரு சைக்கிள்காரர் வருவார். ஏழு நாள், பத்து நாள், கீழே இறங்காமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பார். குளியல் சைக்கிள் மேல், சாப்பாடு சைக்கிள் மேல், ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக் கண்ணயர்வதும் சைக்கிள் மேல். குழாய் ரேடியோவில் பாட்டு அலறும். அஞ்சு ரூபாய் நோட்டைச் சட்டையில் குண்டூசியால் குத்துவார்கள். கடைசி நாள் நெஞ்சில் டியூப்லைட் உடைத்துக்கொள்வார், குழியில் புதைந்து எழுவார். இறங்கும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், கால் நேராகாது. கூட வந்த பெண் தட்டேந்தி வீடு வீடாக வருவாள்; ராகி, அரிசி, பழைய சேலை. அவருக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை செய்ய யாரும் வரவில்லை. செய்திருந்தால் பீடியும் கடுங்காப்பியும் அகப்பட்டிருக்கும். அமெரிக்காவிலும் இப்படி ஆறு நாள் இடைவிடாமல் சுற்றும் பந்தயம் நடந்தது. ஆட்கள் பித்துப் பிடித்தவர்கள் போல ஆவதைப் பார்த்து, ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 1890களின் கடைசியில் நியூயார்க்கில் சட்டம் போட்டார்கள். எங்கள் மைதானத்துக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. ரோடு இருந்தால்தானே வரும்.

டூர் டி பிரான்ஸின் இரண்டாவது வருடம், 1904. வழியில் ஆணி கொட்டினார்கள். இருட்டில் மறித்து அடித்தார்கள். சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு ரயிலேறிப் போனார்கள் என்று புகார் வந்தது. முதல் நான்கு இடத்தில் வந்தவர்களையும் தள்ளிவிட்டு, அடுத்து வந்த 19 வயது ஆன்றி கோர்னேவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு தடவை ஜெயித்தார். ஊக்கமருந்து நிரூபணமானதும் 2012இல் ஏழையும் பிடுங்கினார்கள். அந்த ஏழு வருடத்துக்கும் வெற்றியாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்றைக்கும் காலி. இந்த நேர்மை எனக்குப் புரியவே இல்லை. திருட்டு தெரிந்ததும் பெயரை அழித்துவிடுவதா? நம்மூரில் ரோடு மழையில் கரைந்து ஆற்றோடு போன பிறகும், திட்ட மதிப்பீடும் திறந்து வைத்தவர் பெயரும் செதுக்கிய கல்வெட்டு மட்டும் செம்மண்ணில் நிமிர்ந்து நிற்கும். அதற்கு வருடா வருடம் பெயிண்ட் அடிப்பார்கள்.

முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் பனியன் கொடுக்கும் வழக்கம் 1919இல் வந்தது. லோட்டோ அச்சான தாள் மஞ்சள் நிறம், அதனால் மஞ்சள். மஞ்சள் பத்திரிகை என்று நாம் வேறொரு அர்த்தத்தில் சொல்வோம், அதுவும் அவ்வளவு தூரத்தில் இல்லை. அதை முதலில் போட்டவர் யூஜீன் கிறிஸ்டோஃப். அவருக்கு 1913இல் பிரனீஸ் மலையில் சைக்கிளின் முன் கவை முறிந்தது. அடுத்தவர் உதவக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துப் பதினான்கு கிலோமீட்டர் நடந்து ஒரு கொல்லன் பட்டறைக்குப் போய், தானே இரும்பைக் காய்ச்சித் தானே அடித்துச் சேர்த்தார். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பட்டறைப் பையன் ஒருவன் துருத்தி ஊதிக் கொடுத்துவிட்டான். அது உதவி, விதிமீறல் என்று கிறிஸ்டோஃபுக்கு நேர அபராதம் போட்டார்கள். உலகம் முழுக்க அதிகாரி என்பது ஒரே சாதி என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றில் என் குலதெய்வம் கிறிஸ்டோஃப் இல்லை. அல்போன்ஸ் ஸ்டீனஸ் என்பவர்.

1910. பந்தயத்தை பிரனீஸ் மலை மேல் விட வேண்டும் என்று லோட்டோ பத்திரிகையில் வேலை பார்த்த ஸ்டீனஸ் அரித்தெடுத்தார். மாட்டுத்தடம் தவிர வேறெதுவும் இல்லாத மலை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஆசிரியர் தெக்ராஞ்ச் அனுப்பினார். ஒபிஸ்க் என்ற கணவாயில் ரோடு படுமோசம். அதைச் சரிசெய்யச் சொல்லி உள்ளூர் இன்ஜினியரிடம் பேரம் பேசி, பத்திரிகைக் காசிலிருந்து கொடுத்தார்கள். அடுத்த கணவாயின் பெயர் டூர்மலே. நம் காதில் துர்மலை என்றுதான் விழும். கார் பனியில் சிக்கிக்கொண்டது. டிரைவர் மேலே வர மறுத்துவிட்டான். ஸ்டீனஸ் தனியாக ராத்திரியில் நடந்தார், வழி தப்பினார், சறுக்கி விழுந்தார், செத்துப்போயிருக்க வேண்டியவர். தேடிப் போன ஆட்கள் விடியற்காலையில்தான் கண்டுபிடித்தார்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் செய்த முதல் காரியம், ஆசிரியருக்குத் தந்தி கொடுத்தது. டூர்மலே தாண்டியாயிற்று, சாலை நன்றாக இருக்கிறது, போக்குவரத்துக்குத் தடையில்லை என்பது அந்தத் தந்தியின் சாரம்.

அந்தத் தந்தியை நம்பி அந்த வருடம் ஜூலையில் வீரர்களை அந்த மலைகளில் ஏற்றினார்கள். லுஷோனிலிருந்து பயோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர். ஒக்தாவ் லாபிஸ் என்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒபிஸ்க் ஏறி, மேலே நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்தினார். அந்த வருடம் பட்டம் ஜெயித்ததும் அவர்தான்.

எங்கள் அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஸ்டீனஸ் படத்தை மாட்ட வேண்டும் என்று நான் சொல்ல வந்தேன். யோசித்துப் பார்த்தால் அது ஸ்டீனஸுக்கு இழுக்கு. அந்த மனிதர் பொய் சொல்வதற்காவது மலை ஏறினார், பனியில் விழுந்தார், விறைத்தார். நம் ஸ்டீனஸ்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நகம் வெட்டிக்கொண்டே எழுதுகிறார்கள்: சாலை நன்றாக இருக்கிறது.

பல நாடுகளைக் கடக்கும் பந்தயம் என்று எடுத்துக்கொண்டால், டூர் டி பிரான்ஸ் 1954இல்தான் முதன்முதலாக அந்நிய மண்ணில், ஆம்ஸ்டர்டாமில் கிளம்பியது. 1992இல் ஐரோப்பிய ஒற்றுமை என்று சொல்லி ஏழு நாட்டுக்குள் போய் வந்தது. இப்போதெல்லாம் வெளிநாட்டு நகரங்கள் பணம் கட்டி எங்கள் ஊரில் கிளம்புங்கள் என்று கூப்பிடுகின்றன. ஆனால் பிறவியிலேயே பல நாட்டுப் பந்தயமாகப் பிறந்தது வேறொன்று. அமைதிப் பந்தயம். 1948இல் செக், போலந்து கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைகள் சேர்ந்து வார்சாவுக்கும் பிராகுக்கும் நடுவே ஆரம்பித்தன. 1952இல் கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பத்திரிகையும் சேர, பெர்லினும் வழியில் வந்தது. சின்னம் பிக்காசோவின் புறா. அங்கே முதலாளி பத்திரிகை விற்க ஓட்டினான், இங்கே கட்சி தன்னை விற்க ஓட்டியது. மிதித்தவன் தொடை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வலித்திருக்கும்.

லட்சக்கணக்கான ஜனங்கள் சாலையோரம் நின்று கை தட்டினார்கள், அது பொய்யில்லை. போரில் இடிந்த ஊர்களுக்கு அது திருவிழாதான். தேவே ஷூர் என்ற கிழக்கு ஜெர்மானியர் 1955இலும் 1959இலும் ஜெயித்து நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். நாடாளுமன்றத்திலும் உட்கார வைத்தார்கள். போலந்தின் ஷுர்கோவ்ஸ்கி நான்கு தடவை ஜெயித்தார். ஆனால் புறா பறந்த சாலையில் மற்றதும் போகும். 1968 மே மாதம் செக்கோஸ்லோவாக்கியாவில் சைக்கிள்கள் போயின. ஆகஸ்டில் அதே நட்பு நாடுகளிலிருந்து டாங்கிகள் வந்தன. அடுத்த வருடம் அமைதிப் பந்தயம் அந்த நாட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

உச்சகட்டம் 1986. ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்து கீவ் நகரம் சுமார் நூறு கிலோமீட்டர். மே 6ஆம் தேதி அமைதிப் பந்தயம் கீவில் கிளம்ப வேண்டும். கிளம்பியது! பத்து நாள் ஆகியிருந்தது. மேற்கு நாடுகள் பலவற்றின் அணிகள் வர மறுத்தன. வந்தவர்கள் வேர்க்க வேர்க்க, மூச்சு வாங்க வாங்க அந்தக் காற்றில் மிதித்தார்கள். ஜனங்களை ஓரத்தில் நிற்க வைத்துக் கொடியாட்ட வைத்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் ஓலாஃப் லூட்விக் ஜெயித்தார். மாஸ்கோ கொடுத்த தந்தி அதேதான். சாலை நன்றாக இருக்கிறது. காற்றும் நன்றாக இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சிகள் கவிழ்ந்த பிறகு அந்தப் பந்தயம் தள்ளாடித் தள்ளாடி 2006இல் நின்றுபோனது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய சைக்கிள் வீரர் ஒருவர் ஒலிம்பிக்கில் கடைசியாக மிதித்தது 1964, டோக்கியோ. அறுபது வருடமாக உலகத்தில் சைக்கிள் அதிகம் புழங்கும் நாடுகளில் ஒன்றிலிருந்து ஒரு கால் கூட அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் பல மாநிலம் தாண்டும் நெடும்பந்தயத்தை 2020இல் நாம் நடத்திக் காட்டினோம். கொரோனாவைச் சொல்லி நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டிவிட்டு, ஆரம்பக் கொடியை அசைத்தோம். அரியானாவின் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை, காயம்பட்ட அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, 15 வயதுப் பெண் ஒருத்தி சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தாள். அமெரிக்க அதிபரின் மகள் அதைப் பார்த்து மெய்சிலிர்த்து, அன்பின் அழகான சாதனை என்கிற ரீதியில் எழுதினாள். தேசிய சைக்கிள் சம்மேளனம் தேர்வுக்கு வா என்று கூப்பிட்டது. பஸ் விடாமல் ஒரு குழந்தையைக் கொல்லத் தெரிந்தவர்களுக்கு, அது சாகாமல் வந்ததும் திறமை என்று கண்டுபிடிக்கவும் தெரிந்திருந்தது. அதே ஊரடங்கில் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து 65 வயதுக்காரர் ஒருவர், புற்றுநோய் வந்த மனைவியை விழுந்துவிடாமல் தன்னோடு துண்டால் கட்டிக்கொண்டு, புதுச்சேரி ஜிப்மர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்தார். இதற்கு நடுவில் ஜூன் 3, உலக சைக்கிள் தினம் வந்தது. அன்றைக்குத்தான் சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் ஆலையை மூடினார்கள்.

தருமபுரிக்காரனுக்கு மாநிலம் தாண்டுவது புதிதில்லை. மழை பொய்த்தால் பெங்களூரில் கலவை சுமப்பான், ஓசூரில் ஷிப்ட் பார்ப்பான், திருப்பூரில் துணி அடுக்குவான். சிலரைத் தரகர்கள் ஆந்திரத்து சேஷாசலம் காட்டுக்கு செம்மரம் வெட்டக் கூட்டிப் போவார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அங்கே 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. சித்தேரியைப் பத்திரிகைகள் அன்றைக்குத்தான் வரைபடத்தில் தேடின.

நமது அரசு சைக்கிளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. 2005-06இலிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட மாவட்டத்தில் அந்த சைக்கிள் செய்த வேலையை எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இன்றைக்கு நர்ஸாகவும் டீச்சராகவும் இருக்கிறார்கள். மனசார வாழ்த்துகிறேன். ஒரே ஒரு சந்தேகம். ரோடே இல்லாத மலையில் இருக்கும் பிள்ளைக்கு அந்த சைக்கிளைக் கொடுத்தபோது, அதை அவள் ஓட்டிக்கொண்டு போவாளா, தலையில் வைத்துக்கொண்டு போவாளா என்று யாராவது கேட்டார்களா?

வருடா வருடம் அறிஞர் அண்ணா பெயரில் மாவட்டத்துக்கு மாவட்டம் மிதிவண்டிப் போட்டியும் உண்டு. பத்து முதல் இருபது கிலோமீட்டர். கியர் சைக்கிள் கூடாது, சாதாரண சைக்கிள் சொந்தமாகக் கொண்டு வர வேண்டும். முதல் பரிசு 5,000 ரூபாய். டூர் டி பிரான்ஸில் 5,00,000 யூரோ; பரவாயில்லை, அவர்கள் அதிக தூரம் போகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த அறிவிப்பின் கடைசிப் பத்தி. வழியில் எதிர்பாராத விபத்து நேர்ந்தால் கலந்துகொள்ளும் மாணவரே பொறுப்பு என்று இருக்கும். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதைச் சொல்கிறார்கள். குடிமகன் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகப் பாடம் நடத்த முடியாது.

இனி என் திட்டம். மூன்றே ஸ்டேஜ்.

முதல் ஸ்டேஜ் தொப்பூர் கணவாய். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் மாவட்டத்துக்குள்தான் இறங்குகிறது. காஷ்மீரில் கிளம்பிச் சாதனை படைக்கும் சைக்கிள்காரர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள்; புளியோதரை சாப்பிட நின்றால் நாமும் செல்பி எடுத்துக்கொள்கிறோம். அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போவதை எல்லாம் நசுக்கிக்கொண்டு இறங்குவது வழக்கம். 2024 ஜனவரியில் ஒரே மோதலில் நான்கு பேர் செத்தார்கள். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. இவ்வளவு வருடம் நாங்கள் செத்துக் காட்டியும் புரியாதது, ஒரு பெல்ஜியம்காரன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் புரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, சித்தேரி மலை. அரசநத்தம், கலசப்பாடி என்று ரோட்டுக்காக மனுக் கொடுத்துக் கொடுத்தே ஒரு தலைமுறை கிழடான ஊர்கள். மலையேற்றத்தில் முதல்வனுக்கு வெள்ளையில் சிவப்புப் புள்ளி வைத்த பனியன் கொடுப்பது 1975 முதல் டூர் டி பிரான்ஸ் வழக்கம். எங்கள் மலைகளில் பிரசவ வலி வந்த பெண்ணைத் தூளி கட்டி நாலு பேர் தோளில் சுமந்து இறங்குவார்கள். அவர்களுக்குத் தனியாகப் பனியன் தைக்க வேண்டாம். பாதி வழியில் அவர்கள் வேட்டியே சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்ளும். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் செத்தது. ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, பெற்றவள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். லாபிஸ் கத்திய அந்த வார்த்தை இருக்கிறதே, அதை அவர் ஒபிஸ்க்கில் வீணாக்கிவிட்டார். அங்கே யாரும் சாகவில்லை.

கடைசி ஸ்டேஜ் கோட்டூர் மலை, வட்டுவனஅள்ளி ஊராட்சி. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024 மக்களவைத் தேர்தலுக்கும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அந்த மலைக்குக் கழுதை மேல்தான் போயின. பத்திரிகைகள் படம் போட்டன. ஜனநாயகத்தின் அழகு என்று சிலர் எழுதினார்கள். ஒரு ஓட்டு கூட விட்டுப்போகக்கூடாது என்று பாடுபடும் தேர்தல் அதிகாரிகளை நானும் கும்பிடுகிறேன். ஓட்டு இறங்கி வர ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட இந்த நாடு, மாத்திரை ஏறிப் போக, மாவு மூட்டை ஏறிப் போக, ஒரு வாத்தியார் ஏறிப் போக அதே அக்கறையோடு வழி தேடியதா? நிலவுக்கு வண்டி அனுப்பிய தேசத்தில், தேர்தலுக்கு முந்தின நாள் கழுதைக்காரரை எங்கே தேடுவது என்று தாலுகா ஆபீஸில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தகவல் மட்டும் ஸ்டீனஸுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்குத் தந்தியே கொடுத்திருக்க மாட்டார். ஒரு கழுதையை வாடகைக்கு எடுத்திருப்பார்.

பல நாட்டு வீரர்கள் வராவிட்டால் பந்தயம் நடக்காதே என்று பயப்பட வேண்டாம். கோட்டூர் மலை ஸ்டேஜில் ஓடிய அந்த இரண்டு தேர்தலிலும் முதலில் வந்து சேர்ந்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஊக்கமருந்து சாப்பிட்டதில்லை. ரயிலேறி ஏமாற்றியதில்லை. சாலை நன்றாக இருக்கிறது என்று பொய்த் தந்தி கொடுத்ததும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலான இந்தப் பந்தய வரலாற்றில் மஞ்சள் பனியனுக்கு இப்படியொரு தகுதியான ஜீவனை நான் படித்ததில்லை.

மனு எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு வாருங்கள், ஆதார் நகல் ஒன்று இருக்கட்டும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முடிந்தால் ஒரு கழுதையையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள். தையல்காரர் வருகிறார், பனியனுக்கு அளவெடுக்க வேண்டும்.